மிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் 27

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிப் பழைய ஆட்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பிவிட்டதால் பட்டியலில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே விடையில்லாத கணக்கு ஒன்றைச் சேர்க்கலாம் என்பது என் கட்சி. கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும், அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டேன் என்று நோட்டும் கையுமாக அவ்வப்போது யாராவது என் வீட்டுப் படியேறி விடுகிறார்கள்.

கடைசியாக வந்தவர் குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்பவர். ஐம்பது வயது இருக்கும். பி.எஸ்சி. கணக்கு முடித்த கையோடு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவர். லாங் சைஸ் நோட்டில் பச்சை மையில் நாற்பது பக்கம். அவருடைய நிரூபணம் தப்புதான். ஆனால் நான் பார்த்த தப்புகளிலேயே நல்ல தப்பு அது. எந்த இடத்தில் சறுக்கியது என்று பார்த்தால், இந்தக் கணக்கு இத்தனை வருடமாக ஏன் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை என்பது விளங்கிவிடும்.

கணக்கு இவ்வளவுதான். 1 அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு முழு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படையா, பாதியாக்குங்கள். ஒற்றைப்படையா, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வந்த எண்ணுக்கும் அதையே செய்யுங்கள். 6-இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1 என்று வரும். 1-க்கு வந்தபின் 4, 2, 1 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1-க்கு வந்து சேருமா? சேரும் என்பது ஊகம். அதை நிரூபிக்கவும் ஆளில்லை, பொய்யென்று காட்டவும் ஆளில்லை.

வைகுண்ட ஏகாதசி இரவில் விளையாடும் பரமபதத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒற்றைப்படை ஏணி, இரட்டைப்படை பாம்பு. தாயக்கட்டை மட்டும் கிடையாது. காய் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. இருந்தும் அதன் போக்கு தாயம் உருட்டி விளையாடியதைப் போலவே இருக்கும். 26-இல் தொடங்கினால் 10 படிகளில் 1 வந்துவிடுகிறது. 28-க்கு 18 படி. நடுவில் இருக்கும் 27-க்கு 111 படி! அதுவும் 9232 வரை ஏறி, அப்புறம்தான் இறங்குகிறது. மேகத்துக்குள் மேலும் கீழும் அலைக்கழிந்து ஒருவழியாக விழும் ஆலங்கட்டியைப் போல இருப்பதால் இவற்றுக்கு ஆலங்கட்டி எண்கள் என்றே ஒரு பெயர் உண்டு.

கணக்கு ஜெர்மானியரான லோதர் கொலாட்ஸின் பெயரில் வழங்குகிறது. 1937-இல் அவர் எழுப்பியது என்று பொதுவாகச் சொல்வார்கள். 1950-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் பிறகு வாய்வழியாகப் பரவியது. 1960 வாக்கில் ஜப்பானியக் கணிதர் காகுதானி இதை யேல் பல்கலைக்கழகத்தில் அவிழ்த்துவிட, அங்கே ஒரு மாதம் எல்லோரும் இதையே பிடித்துத் தொங்கினார்களாம். பலன் ஒன்றுமில்லை. சிகாகோவிலும் அதே கதை. அமெரிக்கக் கணித ஆராய்ச்சியை முடக்க யாரோ செய்த சதி என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட கணக்குகளுக்குக் கணிதமே இன்னும் தயாராகவில்லை என்றார் ஹங்கேரியரான பால் எர்டிஷ். சொல்லிவிட்டு 500 டாலர் பரிசையும் அறிவித்தார். 2021-இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் அதை 12 கோடி யென் ஆக்கியது. நோட்டுகள் பெருகியதில் ஆச்சரியமில்லை.

இனி, குடியாத்தத்துக்காரர் செய்தது.

1 வருகிறதா என்று கடைசிவரை துரத்த வேண்டாம் என்பது அவருடைய முதல் யோசனை. ஒவ்வோர் எண்ணும் எப்போதாவது ஒருமுறை தன்னைவிடச் சின்ன எண்ணுக்கு இறங்கினால் போதும். அந்தச் சின்ன எண்ணும் தன்னைவிடச் சின்னதுக்கு இறங்கும், அதுவும் இறங்கும், கடைசியில் 1-தான் கதி. சரியான யோசனை.

அடுத்து, லுங்கியில் கட்டம் போடுவதைப் போல எண்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். இரட்டைப்படைகள் உடனே இறங்கிவிடும், அவற்றை விடுங்கள். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்களைப் பாருங்கள். 9 என்றால் 28, 14, 7, இறங்கிவிட்டது. இந்த வகை எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது எப்போதும் 4-ஆல் வகுபடும். பெருக்கியது மூன்றால், வகுத்தது நான்கால், இறங்காமல் எங்கே போகும்? (1 மட்டும் தன்னிடமே திரும்பும். அது சேர வேண்டிய இடமே அதுதான்.) ஆக முக்கால் பங்கு எண்கள் முடிந்தன. மிச்சம், 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருபவை. நூற்றுக்கு 25.

அந்த மிச்சத்தை 16-ஆல் வகுத்துப் பார்த்தார். மீதி 3 வரும் எண்களும் இறங்கிவிடுகின்றன. மிச்சம் 7, 11, 15 மட்டும், பதினாறுக்கு மூன்று. 32-ஆல் வகுத்தால் மிச்சம் 7, 15, 27, 31 என்று நான்கே நான்கு, எட்டில் ஒரு பங்கு. 256-க்குப் போனால் 19 வகைகள்தான் மிச்சம், நூற்றுக்கு ஏழரைகூட இல்லை. கட்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க மிச்சம் தேய்ந்து சுழியத்தை நெருங்குகிறது.

இதுவரை எல்லாம் உண்மை. 1976-இல் ரிஹோ டெர்ராஸ் என்பவர் முறையாக நிரூபித்ததும் இதைத்தான். வியாபாரத்துக்கு நடுவில், யாருடைய கட்டுரையையும் படிக்காமல் ஒரு மனிதர் அந்த இடம்வரை தானாக வந்திருந்தார். எழுந்து கை கொடுத்தேன். அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"மிச்சம் கொறஞ்சிகினே போவுதா இல்லியா சார்? கடைசில ஒண்ணுமில்லாம பூடுதா இல்லியா? அப்புறம் இன்னா இருக்குது நிரூபிக்க?"

அந்த 'ஒண்ணுமில்லாம'வில்தான் வண்டி கவிழ்ந்தது. 100-க்குள் வர்க்க எண்கள் பத்து, நூற்றுக்குப் பத்து. 10,000-க்குள் நூறு, நூற்றுக்கு ஒன்று. 10 லட்சத்துக்குள் ஆயிரம், ஆயிரத்துக்கு ஒன்று. போகப் போக வர்க்க எண்களின் விகிதம் சுழியத்தை நெருங்குகிறது. அதற்காக வர்க்க எண்களே இல்லை என்று ஆகிவிடுமா? முடிவில்லாமல் இருக்கின்றன. விகிதம் ஒன்றுமில்லாமல் போவது வேறு, ஆட்கள் இல்லாமல் போவது வேறு. 32-ஆம் கட்டத்து மிச்சத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்னொரு தடவை பாருங்கள். 9232 வரை ஏறிய அதே 27.

மிச்சத்தில் இருப்பவை நாமாகவே செய்துகொள்ளக்கூடிய எண்கள்கூட. இரண்டின் ஏதாவதோர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 31 என்றால் 32 கழித்தல் 1. அதன் பாதையில் ஒற்றைப்படைகளை மட்டும் எழுதினால் 47, 71, 107, 161, அதன்பின் 242. ஐந்து ஏணி தொடர்ச்சியாக ஏறி, 3-இன் ஐந்தாம் அடுக்கில் ஒன்று குறைந்த இடத்தில் நிற்கிறது. அடுக்கு ஆயிரம் என்றால் ஆயிரம் ஏணி தொடர்ச்சியாக ஏறும். இத்தனை படிக்குள் எந்த எண்ணும் இறங்கிவிடும் என்று யாராவது ஓர் உச்சவரம்பு சொன்னால், அதைத் தாண்டி ஏறும் எண்ணை நீங்கள் நின்ற இடத்திலேயே செய்து கொடுக்கலாம்.

என்னிடம் வரும் நோட்டுகளைச் சோதிக்க இதைவிடக் குறுக்கு வழி ஒன்று வைத்திருக்கிறேன். கூட்டுவதற்குப் பதிலாகக் கழியுங்கள். ஒற்றைப்படையை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழிப்பது, இரட்டைப்படையைப் பாதியாக்குவது. மற்ற எல்லாம் அதே. 5-இல் தொடங்குங்கள்: 14, 7, 20, 10, 5. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது, 1-ஐப் பார்க்கவே இல்லை. அதாவது கழித்தல் ஆட்டத்தில் ஊகம் பொய். ஆனால் கட்டம் போட்டு மிச்சம் பார்க்கும் முறை இங்கேயும் வரிக்கு வரி அப்படியே செல்லும். முக்கால் பங்கு இறங்கும், மிச்சம் தேயும், சுழியத்தை நெருங்கும். ஒரு நிரூபணம் கழித்தல் ஆட்டத்துக்கும் பொருந்துகிறதென்றால் அது பொய்யை நிரூபிக்கிறது. பாதி நோட்டுகள் இந்த 5-இல் தடுக்கி விழுகின்றன. 'சராசரியாகப் பார்த்தால் ஓர் ஒற்றைப்படையிலிருந்து அடுத்த ஒற்றைப்படைக்குப் போகும்போது எண் முக்கால் பங்காகச் சுருங்குகிறது, ஆகவே எல்லாம் சுருங்கும்' என்ற வாதமும் அங்கேதான் விழும். சராசரி ஆழம் முழங்காலளவு என்று கேட்டுவிட்டு ஆற்றில் இறங்குகிற கதைதான்.

குறுக்கு வழி பொதுவாக ஆட்களை வாயடைக்க வைக்கும். இவர் வாயடைக்கவில்லை. "அஞ்சு ஏன் சுத்துது?" என்றார். நல்ல கேள்வி. பதில் சுவையானது, அதில் நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார்.

ஓர் எண் சுற்றி வந்து தன்னையே தொட வேண்டுமென்றால், வழியில் மூன்றால் பெருக்கியதும் இரண்டால் வகுத்ததும் ஏறக்குறைய ஈடாக வேண்டும். முழுதாக ஈடாகவே முடியாது. மூன்றின் அடுக்குகள் எல்லாம் ஒற்றைப்படை, இரண்டின் அடுக்குகள் இரட்டைப்படை. எப்படியும் ஓர் இடைவெளி விழும், அதை அந்த 'கூட்டல் ஒன்று'கள் அடைக்க வேண்டும். (வீணைக்காரர்களுக்கும் இந்த இடைவெளியோடு பழைய தகராறு உண்டு. பஞ்சமத்தின் மேல் பஞ்சமமாகப் பன்னிரண்டு தடவை ஏறினால் தொடங்கிய ஸ்வரத்துக்கு மயிரிழை தள்ளித்தான் வந்து நிற்கும். 3-இன் பன்னிரண்டாம் அடுக்கு 5,31,441, 2-இன் பத்தொன்பதாம் அடுக்கு 5,24,288.) கழித்தல் ஆட்டத்தில் 5 இரண்டு முறை ஏறி மூன்று முறை பாதியாகிறது. மூன்றின் வர்க்கம் 9, இரண்டின் கனம் 8. இரண்டும் அடுத்தடுத்த வீடு. அதனால்தான் அந்தச் சுற்று அமைந்தது.

நம் கூட்டல் ஆட்டத்தில் மூன்று ஏற்றம், ஐந்து பாதி கொண்ட சுற்று உண்டா என்று பார்க்கலாம். 32-க்கும் 27-க்கும் இடைவெளி 5. கூட்டல் ஒன்றுகள் வழியில் பெருகியும் வகுபட்டும் கடைசியில் ஒரு தொகையாகச் சேரும். அந்தத் தொகை 5-ஆல் மீதியின்றி வகுபட்டால் சுற்று கிடைத்துவிடும். ஐந்து பாதிகளை மூன்று ஏற்றங்களுக்கிடையே பங்கிட ஆறு வழிகள். தொகைகள் 19, 23, 29, 31, 37, 49. ஒன்றாவது 5-ஆல் வகுபட வேண்டுமே! ஆக அப்படிச் சுற்று இல்லை. இப்படி ஒவ்வொரு நீளமாகக் கழித்துக்கொண்டே போகலாம், ஆனால் நீளத்துக்கு முடிவு கிடையாது.

அடுக்குகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைத் தன் ஆராய்ச்சியாகவே கொண்டவர் எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலம் பக்கத்து வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். நமக்குப் பக்கத்துத் தென்னார்க்காட்டில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். எந்த ஓர் இடைவெளியை எடுத்துக்கொண்டாலும், அவ்வளவு வித்தியாசத்தில் நிற்கும் அடுக்கு எண் (வர்க்கம், கனம், நான்காம் அடுக்கு என வரும் எண்கள்) ஜோடிகள் எண்ணி முடிக்கக்கூடிய அளவிலேயே இருக்கும் என்பது அவருடைய பெயரைத் தாங்கிய ஊகம். இடைவெளி 1 என்றால் 8, 9 என்ற ஒரே ஜோடிதான் என்பதை 2002-இல் மிஹாய்லெஸ்கு நிரூபித்துவிட்டார். மற்ற இடைவெளிகளுக்குப் பிள்ளையின் ஊகம் இன்றும் நிற்கிறது. 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் பிள்ளை இறந்தார். அமெரிக்காவில் உலகக் கணித மாநாட்டுக்கும், பிறகு பிரின்ஸ்டனில் ஆய்வுக்கும் என்று புறப்பட்டவர். கொலாட்ஸ் கணக்கு வாய்க்கு வாய் பரவிய அதே மாநாடு. அவர் போய்ச் சேர்ந்து, யாராவது காபி நேரத்தில் இதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

சுற்றுகளைப் பொறுத்தவரை பிடி கொஞ்சம் இறுகியிருக்கிறது. சுற்றில் இருக்கும் எண்கள் பெரிதாக இருக்க இருக்க, கூட்டல் ஒன்றுகளின் பங்கு அற்பமாகிவிடும். அப்போது மூன்றின் அடுக்கும் இரண்டின் அடுக்கும் மிக மிக நெருங்கி வர வேண்டும். அவ்வளவு நெருக்கம் பிரம்மாண்டமான அடுக்குகளில்தான் கிடைக்கும். இதை வைத்து 1993-இல் ஷாலோம் எலியாஹு, 1-இன் சுற்றைத் தவிர வேறு சுற்று இருந்தால் அதன் நீளம் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் என்று காட்டினார். அப்படிப்பட்ட சுற்றில் ஏறி இறங்கும் மலைகள் 91-க்கு மேல்தான் இருக்க முடியும் என்று 2023-இல் ஹெர்ஷர் கண்டார். சுற்றாமல் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும் எண் உண்டா என்ற இன்னொரு பாதிக்கு இந்த அளவுக்குக்கூடப் பிடி இல்லை.

பெரிய எட்டு வைத்தவர் டெரன்ஸ் டாவ். 2019-இல் அவர் காட்டியது டெர்ராஸின் 'இறங்கும்' என்பதைவிட எவ்வளவோ பலமானது. எவ்வளவு மெதுவாக வளரும் அளவுகோலை நீங்கள் நட்டாலும், தொடங்கும் எண் பெருகப் பெருக அது நிற்காமல் வளர்ந்துகொண்டிருந்தால் போதும், அநேகமாக எல்லா எண்களும் எப்போதாவது அதற்குக் கீழே வந்துவிடுகின்றன. கிட்டத்தட்ட தரையைத் தொட்டுவிட்ட மாதிரிதான். ஆனால் 'அநேகமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். குடியாத்தத்து நோட்டு நின்ற மிச்சத்தின் வாசலில்தான் டாவும் நிற்கிறார், பல மாடி உயரத்தில் நிற்கிறார் என்பதுதான் வித்தியாசம். 1-க்கு வருபவை எவை, அவற்றுக்கு வருபவை எவை என்று 1-லிருந்து பின்னோக்கி மரம் வளர்த்து எல்லா எண்களையும் பிடிக்கப் பார்ப்பது இன்னொரு பிரபலமான வழி. அதில் 2003-இல் கிராசிகோவும் லகாரியஸும் எட்டிய இடம்: எல்லை பெரிதாக இருக்கும்போது, அதற்குள் 1-க்கு வந்து சேரும் எண்கள் குறைந்தது எல்லையின் 0.84-ஆம் அடுக்கு அளவுக்கு இருக்கின்றன. நூறு சுழியங்கள் கொண்ட எல்லைக்கு 84 சுழியங்கள். கேட்க அதிகம்போல இருக்கும், பங்காகப் பார்த்தால் கடலில் கைப்பிடி நீர்.

இன்னொரு பயமும் உண்டு. 1972-இல் ஜான் கான்வே, இதே சாயலில் அமைந்த விதிகளின் ஒரு பெரிய குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவற்றில் எது 1-க்கு வரும் எது வராது என்று பொதுவாகத் தீர்மானிக்க எந்தச் செய்முறையாலும் முடியாது என்று நிரூபித்தார். அது கொலாட்ஸ் கணக்கைக் குறித்து நேரடியாக எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால் அக்கம்பக்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது.

"கம்ப்யூட்டர்ல பார்த்துட்டாங்களாமே" என்று சிலர் கேட்பார்கள். பார்த்திருக்கிறார்கள். செக் நாட்டு டேவிட் பாரினா இரண்டின் 71-ஆம் அடுக்குவரை ஒவ்வோர் எண்ணும் 1-க்கு வருவதைச் சரிபார்த்துவிட்டார். அது 22 இலக்க எண். தேவ்லாலி பள்ளி ஆசிரியர் கப்ரேக்கரின் 6174 விளையாட்டுக்கு இப்படிச் சரிபார்த்தாலே போதும். (நான்கு இலக்க எண் ஒன்றின் இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாகவும் சிறிதிலிருந்து பெரிதாகவும் அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொண்டே போனால் 6174-இல் வந்து நிற்கும். நான்கு இலக்கமும் ஒன்றேயான எண்கள் மட்டும் ஆட்டத்தில் சேர்த்தியில்லை.) நான்கு இலக்க எண்கள் பத்தாயிரத்துக்குள் அடக்கம், எல்லாவற்றையும் பார்த்தால் ஏழு படிக்குள் முடிந்துவிடுகிறது, கதை முடிந்தது. இங்கே பட்டியலுக்கு முடிவில்லை. எண்களின் பகாக் காரணிகளைப் பற்றி 1919-இல் ஜார்ஜ் போலியா ஓர் ஊகம் சொன்னார். பார்த்த இடமெல்லாம் சரியாக வந்தது. கடைசியில் அது முதன்முதலாகப் பொய்க்கும் இடம் 90,61,50,257 என்று தெரிந்தது. தொண்ணூறு கோடி தடவை உண்மையாக இருந்தது பொய்யாகிவிட்டது.

பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து போன் செய்தார்.

"சார், மைனஸ் ஒண்ணு வெச்சி அதே கட்டம் போட்டேன். முப்பத்திரண்டுல மிச்சம் நாலு. 1, 5, 17, 25. அஞ்சு நீங்க சொன்னது. பதினேழும் சுத்துது சார்! பதினெட்டு நம்பரு. 50, 25, 74ன்னு போயி 272 வரைக்கும் ஏறி, 136, 68, 34, திரும்பப் பதினேழு. அந்த 25-உம் அதுக்குள்ளதான் கீது."

சரிபார்த்தேன். சரிதான். கழித்தல் ஆட்டத்தில் தெரிந்த சுற்றுகள் மூன்று: 1, 5, 17. மூன்றும் 32-ஆம் கட்டத்து மிச்சத்திலேயே முகம் காட்டிவிடுகின்றன. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் நான் அந்த நான்கு எண்களைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

"அப்ப நாலாவது சுத்து ஒண்ணு இருக்குமா சார்?"

இதுவரை யாரும் கண்டதில்லை, இல்லையென்று நிரூபித்ததும் இல்லை என்றேன். அந்தப் பக்கம் யாரோ நூறு பீஸுக்கு ரேட் கேட்டார்கள். "இருப்பா, வந்துகினே இருக்கேன்" என்று அவர் அதட்டுவது கேட்டது.